ஆளுக்கு ஒரு நூல்

போன வாரம் முழங்கால் வலிக்காகத் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பயிற்சி கொடுக்கிற பெண் என்னைக் கட்டிலில் நீட்டிப் படுக்கவைத்து, இஞ்ச் டேப்பை எடுத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தாள். அளந்துவிட்டு, “தாத்தா, லெஃப்ட் கால் அரை இஞ்ச் கட்டையா இருக்கு. செருப்புல ஒரு பேட் வச்சா சரியாயிரும்” என்று வரிசையில் இருந்த பத்துப் பேர் காதிலும் விழும்படி சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் வியர்த்துவிட்டது. வலியால் அல்ல. இதே வார்த்தையை ஒருகாலத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. அக்காவைக் கட்டிய அத்தானும் நானும் இலஞ்சிக்குப் போகிற ரோட்டில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் சைக்கிள் ஃபிரேம் செய்துகொண்டிருந்தோம். முழு வண்டி அல்ல. சக்கரம், செயின், சீட்டெல்லாம் வெளியில் வாங்குவது. நடுவில் இருக்கிற எலும்புக்கூட்டை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி குழாய் அறுத்துப் பற்றவைத்துக் கொடுப்போம். கம்பெனி வண்டிகள் எல்லாம் ஆறடி ஆளுக்குச் செய்த உயரத்தில் வந்தன. நம் பக்கத்தில் ஆறடிக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? அதனால் எங்கள் பிழைப்பு ஓடியது.

கரி உலையில் குழாய் செக்கச் சிவந்ததும் அத்தான் பற்றவைக்கிற வெங்காரப் பொடியைத் தூவிப் பித்தளைக் கம்பியைக் காட்டுவார். அது உருகி மூட்டுக்குள் ஓடும். பிறகு அரம் போட்டு வழவழப்பாக்குவது என் வேலை. சாரல் அடிக்கிற ஆனியிலும் ஆடியிலும் பெயிண்ட் காயாது. உலைக்கு மேலே கயிறு கட்டி ஃபிரேம்களைத் தொங்கவிடுவோம். அந்த இரண்டு மாதத்தில் எங்களிடம் வாங்கிய வண்டிகள் வருஷம் பூராவும் கரிப்புகை வாசனை அடிக்கும். எனக்கென்று நானே செய்துகொண்ட முதல் ஃபிரேம் எப்போதும் இடது பக்கமாகவே இழுத்தது. அத்தான் அதற்கு ‘மாமியார் வீட்டு வண்டி’ என்று பெயர் வைத்தார். என் மாமியார் வீடு கடையிலிருந்து இடது பக்கம்தான். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அளவு எடுப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி. ஆண்கள் என்றால் சுவரோடு நிற்கவைத்து, கால் இடுக்கில் ஒரு பலகையைக் கொடுத்துச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவோம். பெண்களை அப்படி அளக்க முடியுமா? வருஷத்துக்கு நாலைந்து டீச்சரம்மாக்கள், நர்ஸம்மாக்கள் வண்டி கேட்டு வருவார்கள். அவர்கள் கையில் ஒரு நூலைக் கொடுத்தனுப்புவோம். வீட்டில் அம்மாவோ அக்காவோ இடுப்பிலிருந்து குதிகால் வரை பிடித்து, மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு போட்டு அனுப்பவேண்டும். அந்த நூலைப் பெயர்ச்சீட்டோடு சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவோம். ஆளுக்கு ஒரு நூல். கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து, யார் உயரம் யார் குட்டை என்று வாய்க்கு வந்ததைப் பேசுவான்.

அந்த ஆனி மாதம் இலஞ்சியிலிருந்து செல்லத்தாய் தன் அம்மாவோடு வந்தாள். இருபது இருபத்தொரு வயது, சின்ன உருவம். ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ப் பெண்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிற சர்க்கார் வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று வாரத்தில் குற்றாலத்துக்கு அதிகாரி வருவார், அவர் முன்னால் வண்டி ஓட்டிக் காட்டவேண்டும். அப்பா இல்லாத வீடு. அந்த வேலையை நம்பி அம்மாவும் இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். இதையெல்லாம் அம்மாதான் சொன்னாள். செல்லத்தாய் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே கூப்பிட்டபோது நடந்து வந்தாள். இடது காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலை அது. சேலையைத் தழையக் கட்டி மறைத்திருந்தாலும் தெரிந்தது. ஒன்றரை அங்குலமாவது குறைவு என்று என் கண் கணக்குப் போட்டுவிட்டது. நூல் பந்திலிருந்து நான் இரண்டு நூல் வெட்டினேன். இரண்டு காலுக்கும் தனித்தனி அளவு வேண்டும் அல்லவா? வெட்டிவிட்டு நிமிர்ந்தால் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெஞ்சில் வெற்றிலை போட்டபடி வேறு இரண்டு பேர். கல்யாணத்துக்கு நிற்கிற பெண். இரண்டாவது நூலை நீட்டுவதும், உன் மகள் நொண்டி என்று வாய்விட்டுச் சொல்வதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நூலைக் கொடுத்தேன். இன்னொன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் போனதும் அத்தான் உலையைவிட்டு எழுந்து வந்தார். “மாப்ளே, அந்தப் புள்ள காலத் தாங்கித் தாங்கில்லா நடக்குது. நீ பாக்கலியா?” என்றார். பார்த்தேன், நூல் வரட்டும் என்றேன். நூல் வந்தது. எந்தக் காலில் பிடித்தது என்று எழுதியிருக்கவில்லை. நல்ல காலில்தான் பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மரியாதை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உங்களிடம் ஒளிப்பானேன், அது மரியாதை இல்லை, கோழைத்தனம்.

ஃபிரேம் அழகாகத்தான் வந்தது. நடுக்குழாயைச் சேலைக்குத் தோதாக நன்றாகத் தாழ்த்தியிருந்தேன். வண்டி எடுக்க வந்த அன்று கடைக்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டினாள். சமதரை, ஓடியது. ஆனால் இடது பெடல் கீழே போகும்போதெல்லாம் அவள் பாதம் அதைவிட்டுப் பிரிந்து காற்றில் நின்றது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பெல்லைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நன்றாக இருந்த பெல் அது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்.

அதிகாரி வந்த அன்று குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கடையை அத்தான் பார்த்துக்கொள்ள, நான் குளிக்கப் போனேன். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் ஒரு துண்டு, அந்தக் கோலத்தில் ரோட்டோரமாக நிற்கிறேன். ஐந்தருவிக்கு ஏறுகிற ரோட்டில் செல்லத்தாய் வண்டியில் வருகிறாள். பின்னால் ஜீப் மெதுவாக ஊர்ந்து வருகிறது. சாரல் விழுந்து ரோடு பளபளவென்று இருந்தது. மேட்டில் இரண்டு காலாலும் மிதித்தால்தான் ஏறும். அவளுக்கு மிதிக்க ஒரு கால்தான் இருந்தது. இடது கால் பெடலைத் தேடிக் கீழே நீண்டது, வழுக்கியது, வண்டியோடு சரிந்தாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். மூன்றாம் முறை ஏறவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஜீப் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

நான் போய்த் தூக்கியிருக்கலாம். எண்ணெய் உடம்போடு எப்படிப் போவது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, குளிக்கிற கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். அன்றைக்கு அருவி தலையில் விழுந்த வலி இப்போதும் நினைவிருக்கிறது.

வேலை இல்லை என்று காகிதம் வந்துவிட்டதாக அத்தான்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரம் கழித்து செல்லத்தாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தாள். பெஞ்சில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் இடது பாதத்தைத் தூக்கி வைத்தாள்.

“அளந்துக்கிடுங்க அண்ணாச்சி. எங் கால் கட்டைன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த நூலுக்கு மட்டும்தான் தெரியாமப் போச்சு.”

வேலைதான் இல்லையென்று ஆகிவிட்டதே என்று நான் ஏதோ உளறினேன். அதனால் என்ன, வண்டி ஓட்டத்தானே வாங்கினோம் என்றாள்.

வேங்கைக் கட்டையில் இரண்டு துண்டு அறுத்து இழைத்து, இடது பெடலின் இரண்டு பக்கமும் வைத்து போல்ட் போட்டு முடுக்கினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஏறி ஓட்டினாள். இலஞ்சிப் பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து இறங்கினாள். கட்டையைக் குனிந்து பார்த்தாள்.

“இவ்வளவுதானா அண்ணாச்சி?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் இரண்டு நூல் கொடுத்தோம். எனக்கென்ன யானைக்காலா என்று சில பேர் சண்டைக்கு வந்தார்கள். செல்லத்தாயை அடுத்த தை மாதம் சிவகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வண்டியை அவள் கொண்டுபோகவில்லை, தம்பிகள் ஓட்டினார்கள் என்று கேள்வி.

அவளுக்கு வரவேண்டிய வேலைக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். மழையோ வெயிலோ, கம்பெனி வண்டியில் ஊர் ஊராகப் போய் வருவாள். வாரம் ஒருமுறை எங்கள் கடையில்தான் காற்றடிப்பாள். அவள் தலை தெரிந்தால் நான் எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன். ஏழெட்டு வருஷம் அப்படியே ஓடியது.

சின்ன அளவு வண்டிகளும் கம்பெனியிலேயே வர ஆரம்பித்த பிறகு எங்களுக்கு வேலை நின்றது. நூல்களை எல்லாம் அவிழ்த்து உலையில் போட்டோம். அத்தான் ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் அந்தப் பெண் காற்றடிக்க வேறு கடைக்குப் போவாள், நான் உள்ளே ஒளியவேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது.