டிராக்டருக்கு இன்னொரு பம்பு

எழுதிப் பழக்கமில்லாத கை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வரிகள் கோணலாகப் போகும், சில சங்கதிகள் மறந்தும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்றாண்டார்கோவில் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் பூமி. என் வீட்டுக்காரர் காலமான பிறகு, அவர் வைத்திருந்த பழைய டிராக்டரைக் கொழுந்தனார்தான் ஓட்டுகிறார். அந்த மண்ணில் கண்மாய் வண்டல் கொட்டினால்தான் தண்ணீர் நிற்கும், நெல் வரும். இந்தக் கோடையில் வண்டல் அள்ள அனுமதி கிடைத்தது. அள்ளிப்போடப் பொக்லைன் வந்துவிட்டது. கொட்டத்தான் வழியில்லை. எங்கள் டிராக்டரில் எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் பம்பு கலப்பையைத் தூக்கும், பின்னால் மாட்டிய டிப்பர் பெட்டியை மண்ணோடு தூக்கத் திணறும். கிளட்சை மிதித்தால் அதுவும் நின்றுவிடும். மண்வெட்டியால் தள்ள ஆள் கிடைக்கவில்லை. லாரி எங்கள் பாதையில் நுழையாது.

"மதினி, இந்தக் கெழட்டு வண்டியக் காயலான் கடைக்குத் தள்ளிட்டு, நெலத்துல தைல மரத்த வச்சுட்டுப் பேசாம இருங்க" என்றார் கொழுந்தனார்.

பக்கத்துக் கொல்லைகளெல்லாம் தைல மரம்தான். அடியில் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை.

"வைக்க மாட்டேன்" என்றேன். கதவுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இன்ஜினுக்கு முன்பக்கம் தனியாக ஒரு பம்பு வைத்து பெல்ட் போட்டு ஓட்டினால் டிப்பர் தூக்கும், கிளட்சை மிதித்தாலும் நிற்காது என்றார், வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக். பிரித்துப் போட்ட ஏதோ மெஷினிலிருந்து பழைய பம்பு ஒன்றும் கொண்டுவந்தார்.

"இது தூக்கலன்னா திங்கக்கெழம காயலான் கடைக்காரன் வந்துருவான். அப்பறம் பேச்சில்ல" என்று கொழுந்தனார் கெடு வைத்தார்.

பம்பை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியது நான். அழுக்குப் போனதும், தண்டு நீட்டியிருந்த பக்கத்தில் ஒரு அம்புக்குறி தெரிந்தது. இடப்பக்கம் சுற்றுவதுபோல் வளைந்திருந்தது. எங்கள் வண்டியின் விசிறியோ, முன்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் சுற்றும்; பெல்ட் போட்டால் பம்பும் அதே பக்கம்தான் சுற்றும். கேட்டுவிட வாய்வரை வந்தது. ஆம்பளைகள் வேலை பார்க்கும் இடத்தில் நமக்கென்ன என்று விழுங்கிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

தண்டு முன்பக்கம் பார்க்க மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். டிப்பர் அசையவில்லை. சற்று நேரத்தில் பம்பின் சீல் பிய்ந்து, எண்ணெய் கொழுந்தனாரின் வேட்டியில் பீய்ச்சி அடித்தது.

"பாருங்க மதினி, ஒங்க வண்டி எனக்கு எண்ணெ தேச்சு விடுது!"

"பம்பு போச்சு ஆத்தா" என்றார் மெக்கானிக்.

கொழுந்தனார் காயலான் கடைக்குப் பேசச் செல்லை எடுத்தார். நான் அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன்.

"போன வைங்க" என்றேன். "பம்பு போகல. மாத்திச் சுத்த விட்டுருக்கீங்க. அம்புக்குறியப் பாருங்க."

மெக்கானிக் துடைத்துப் பார்த்தார். "ஆமா ஆத்தா. இது எதிர்ச்சுத்து. வேற பம்புதான் பாக்கணும்."

"எதுக்கு வேற? இதையே முன்னுக்குப் பின்னாத் திருப்பி மாட்டுங்க. கெணத்துல கயிறு ஓடுற சகடைய இங்கிட்டு நின்னு பாத்தா வலப்பக்கம் சுத்தும், அங்கிட்டு நின்னு பாத்தா எடப்பக்கம். பம்பும் அப்புடித்தான?"

"அஞ்சாப்பு இஞ்சினியரு!" என்று சிரித்தார் கொழுந்தனார்.

"நீங்க பத்தாப்பு. நீங்க பாத்தீங்களா அந்த அம்ப?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. புது சீல் போட்டார், பம்பு உட்காரும் தகட்டை மாற்றி வெல்டிங் வைத்தார், திருப்பி மாட்டினார்.

சனிக்கிழமை முதல் நடை வண்டல் வந்தது. கொழுந்தனார் லிவரை இழுத்ததும் டிப்பர் முனகிக்கொண்டே எழுந்தது. பாதியில் வேண்டுமென்றே கிளட்சை மிதித்துப் பார்த்தார். நிற்கவில்லை. மண் மொத்தமும் கொல்லையில் சரிந்தது.

"இன்னும் எத்தன நட மதினி?"

"செம்மண்ணு கண்ணுக்குத் தெரியாமப் போற வரைக்கும்."

திங்கட்கிழமை காயலான் கடைக்காரர் வந்து நின்றார். "வண்டி வேலைக்குப் போயிருக்கு. விக்கிறதா இல்ல. போயிட்டு வாங்க" என்று நானே சொல்லி அனுப்பினேன்.

என் எழுத்தை மட்டும் நம்பி யாரும் பம்பு மாட்டிவிட வேண்டாம். இடம் வலம் எழுதும்போது எனக்குத் தடுமாறும். விவரம் தெரிந்தவர் யாராவது ஒருமுறை சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள்.