மருதாத்தாளின் கொசுறு

"இத்தினியூண்டு, டிரைவரண்ணா!"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு கடுகு மட்டும் நுழையும்படி சேர்த்துப் பிடித்துக் காட்டுகிறாள் மருதாத்தாள். பஸ் அவளுடைய நிறுத்தத்தில்தான் நிற்கிறது. அவள் கேட்பது அதற்கு அப்பால், அவள் வீட்டுப் புளியமரம் வரைக்கும். டிரைவர் ஹக்கீம் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"இன்னைக்குப் புளியமரம்பே. நாளைக்கு அடுப்படி வரைக்கும் வண்டிய உடச் சொல்லுவே. உங்கப்பன் ஊட்டு மாட்டுவண்டியா அம்முணி இது?"

சொல்லும்போதே கியர் மாறிவிடுகிறது. பஸ் புளியமரத்தடியில் போய் நிற்கிறது. மருதாத்தாள் இறங்குகிறாள், நன்றி சொல்லாமல். கொசுறுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

கொல்லங்கோட்டிலிருந்து முதலமடை வழியாகப் பொள்ளாச்சி போகும் இந்த மாலை பஸ்ஸில் முன்வாசலை அடுத்த இருக்கை என்னுடையது. அதனால் இவளை நான் நன்றாகவே கவனித்திருக்கிறேன். வயது பதினான்கு முடிந்துவிட்டது. பதினைந்து என்று அவளே சொல்வது மிகை. ஒல்லியான உடம்பு, முழங்கைக்குக் கீழே மாம்பால் பட்ட வடு, எப்போதும் ஒன்று மட்டும் அவிழ்ந்திருக்கும் இரட்டைச் சடை. கடையில் கடலை வாங்கினால் மேலே நாலு கடலை கேட்பாள். ஜோசியன் கிளியிடம் இன்னொரு சீட்டு கேட்பாள். பள்ளியில் தமிழ் ஆசிரியை கதையை முடித்துவிட்டால், "அதுக்கப்புறம் அந்த ராசா என்ன பண்ணுனானுங்க டீச்சர்?" என்று எழுந்து நிற்பாள். எங்கேயும் அதே இரண்டு விரல், அதே கடுகளவு இடைவெளி.

இது அவளுக்குத் தொழிலில் வந்த பழக்கம். அவளுடைய தகப்பன் காளிச்சாமி மாந்தோப்புகளைப் பூவிலேயே குத்தகைக்குப் பிடித்து, காய் பறித்து விற்கிறவர். எண்ணி முடித்த ஒவ்வொரு கூடையின் மேலும் கணக்கில் சேராத ஒரு பழத்தை வைத்துக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். அந்தப் பழத்தைப் பொறுக்கி வைக்கிற வேலை மருதாத்தாளுக்கு. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்குத்தான். மேலே வைப்பது அடிபட்ட பழமாக இருந்து நான் பார்த்ததில்லை. கூடையிலேயே நல்ல பழமாகப் பார்த்து எடுப்பாள். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"வாங்கறவரு ஊட்டுக்குப் போயி மொதல்ல திங்கறது அதைத்தானுங்களே, தாத்தா!" என்றாள்.

இந்த ஆண்டு, அதாவது 1955 ஜூனில், அவள் நான்காம் பாரத்துக்கு வந்தாள். எல்லோருக்கும் உள்ள பொதுக்கணக்கோடு, விரும்புகிறவர்கள் உயர்கணக்கும் எடுக்கலாம் என்று பள்ளியில் அறிவித்தார்கள். பிள்ளைகள் அதைக் 'காம்போசிட்' என்கிறார்கள். அல்ஜிப்ராவும் ஜியோமெட்ரியும் சேர்ந்தது. இப்போது எடுக்காவிட்டால் பிறகு சேர முடியாது. காலேஜில் கணக்கு, விஞ்ஞானம் பக்கம் போகிற வழியும் அடைபட்டுவிடும். பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இவ்வளவும் மருதாத்தாளே பஸ்ஸில் உரக்கச் சொன்னது. ஊர் உலகத்தில் கொசுறு கேட்டு அலைகிறவளுக்குப் பள்ளிக்கூடமே ஒரு கொசுறை நீட்டியது. அவளோ வாங்காமல் நின்றாள்.

"கேட்டு வாங்குன கொசுறுன்னா இனிக்கும், தானா வந்தா கசக்குதாடி?" என்று சீண்டினாள் அவளுடைய தோழி கௌலத். புதுநகரம் மளிகைக்கடை மொய்து ராவுத்தரின் மகள். கொல்லங்கோட்டில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அன்று முதலமடையில் ஒரு கல்யாணத்துக்காக எங்களோடு வந்திருந்தாள்.

"உனக்கென்னடி, பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல ஊடு. எனக்கு பஸ்ஸு வேணுமல்ல?"

தடங்கல் அதுதான். உயர்கணக்கு வகுப்புக்குக் கால அட்டவணையில் இடம் கிடைக்கவில்லை. கடைசி மணி அடித்த பிறகு நடத்தி, ஐந்து மணிக்கு விடுவார்கள். எங்கள் பஸ் அதற்குக் கால்மணி முன்பே பள்ளிக்கூட வாசலிலிருந்து புறப்பட்டுவிடும். அடுத்த பஸ் இருட்டிய பிறகு. காளிச்சாமி மகளைப் பள்ளிக்கு அனுப்புவதே ஒரு நிபந்தனையின் பேரில்: விளக்கு வைக்கும் முன் வீட்டில் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் கணக்கு வாத்தியார் அனந்தநாராயணனிடம் போய், "ருசி பாத்துட்டுச் சொல்றனுங்க சார்" என்று கேட்டிருக்கிறாள். அவர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், கோபக்காரர் என்று பெயர்.

"என்னடீ இது, மாம்பழமாக்கும்னு நெனச்சியோ? கீத்துப் போட்டுக் குடுக்கறதுக்கு?"

"இத்தினியூண்டு கீத்துப் போதுமுங்க சார்."

அவர் சிரித்தார் என்கிறாள் கௌலத். சிரிக்கவில்லை, மூக்கைத்தான் உறிஞ்சினார் என்கிறாள் மருதாத்தாள். எப்படியிருந்தாலும் அன்று அவளை வாசல்படி ஓரத்தில் உட்கார விட்டார். பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, எந்த முக்கோணத்திலும் இரண்டு பக்கங்களைச் சேர்த்தால் மூன்றாவது பக்கத்தைவிட நீளமாக இருக்கும் என்றார்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு பொஸ்தகமுங்களா சார்?"

"சொல்றதுக்கு வேண்டாம். எப்படின்னு காட்டறதுக்கு வேணும். காட்டு, பாப்போம்."

அவள் காட்டத் தொடங்கினாள். பாதியில் பஸ் ஹார்ன் கேட்டது. பாதி நிரூபணத்தைப் பலகையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயில் வைத்த பழத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தாள். முன் இருக்கையின் முதுகில் விரலால் முக்கோணம் போடுவதும் உதடு அசைவதுமாக இருந்தாள். ரயில் நிலையத்தில் வண்டி வந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் திரும்பியது. மூலைக்கடை எனப்படும் டீக்கடையை நோக்கி அது போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று எழுந்து நின்றாள்.

"டிரைவரண்ணா, நிறுத்துங்க! நாம ரெண்டு பக்கம் போறோம்!"

ஹக்கீம் பிரேக்கை மிதித்துவிட்டார். "எந்தப் பக்கம்? யாரு உழுந்தது?"

யாரும் விழவில்லை. அவள் கண்டுபிடித்தது இது. பஸ் பள்ளியிலிருந்து நேர் தெற்கே ரயில் நிலையம் போகிறது. அங்கே வண்டிக்குக் காத்திருக்கிறது. பிறகு கிழக்கே திரும்பி மூலைக்கடைக்கு வருகிறது. ஹக்கீம் அங்கே டீ குடிக்கிறார். அவை முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பள்ளியின் பின்புறத்திலிருந்து மூலைக்கடை வரை நடுவில் இருப்பது வெறும் வயல். ஐந்து மணிக்கு வகுப்பு விட்டதும் வரப்பிலேயே நேராக நடந்தால், மூன்றாவது பக்கம்!

"அப்ப நான் டீ குடிக்கறதும் உன்ற கணக்குல சேந்துதா?" என்றார் ஹக்கீம்.

"ஆமாங்க. மெதுவாக் குடிங்க."

மறுநாள் காலை காளிச்சாமியின் கூடைகள் பஸ்ஸில் ஏறவிருந்தன. நான் சற்று முன்னதாகவே நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். மகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார்.

"படி சாமி, நான் வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. ஒரு நா பஸ்ஸ உட்டுப்போட்டு இருட்டுல வந்து நின்னீன்னா, அன்னைக்கோட காம்போசிட்டும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. சம்மதமா?"

கடுகளவு கேட்கப் போனவளிடம் மொத்தக் கூடையையும் பணயம் வைக்கச் சொன்னார். அவர் சொன்ன சொல் மாறுகிறவர் அல்லர் என்பது ஊருக்குத் தெரியும். மருதாத்தாள் பழங்கள் பக்கம் குனிந்தாள். குவியலில் கைவிட்டுத் தேடினாள். ஒன்றை எடுத்து முகர்ந்து திரும்பப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். காம்போரம் சிவந்த, அன்றைய பழங்களிலேயே அழகான பழம். அதைக் கூடையின் மேல் வைத்துவிட்டு, "சம்மதமுங்கப்பா" என்றாள். அன்றே பெயர் கொடுத்துவிட்டாள்.

வகுப்பு அடுத்த திங்கட்கிழமை முறையாகத் தொடங்கியது. அன்று மாலை பஸ் மூலைக்கடையில் வந்து நின்றது. ஹக்கீம் டீயை உண்மையிலேயே மெதுவாகக் குடித்தார். ஊதி ஊதி, ஆறிய பிறகும் ஊதினார். வயல் பக்கம் யாரையும் காணவில்லை.

மருதாத்தாள் ஒன்றை மறந்துவிட்டாள். மறந்தாள் என்பதுகூடச் சரியல்ல, அவளுக்குத் தெரியாது. மாந்தோப்பில் வளர்ந்தவளுக்கு மண் என்றால் காய்ந்து கெட்டியாகக் கிடப்பது. கொல்லங்கோட்டிலோ நடவுக்கு முன் வரப்பைச் சீவி, வயல் சேற்றையே அள்ளிப் பூசி, மெழுகினதுபோல் வழித்து விடுவார்கள். அது காயும்வரை வரப்பின் சொந்தக்காரனே அதை மிதிக்க மாட்டான். அவள் வழி பார்த்து வைத்தது வியாழக்கிழமை. வரப்புப் பூசியது ஞாயிற்றுக்கிழமை.

"அதா, அங்க!" என்றார் பின்னிருக்கையில் ஒருவர்.

தூரத்தில் ஒரு பச்சைப் பாவாடை தெரிந்தது. ஒரு கால் வரப்பில் முழங்கால்வரை புதைந்திருந்தது. அதைப் பிடுங்கினால் மறுகால் புதைந்தது. வயலுக்காரர் மண்வெட்டியை ஓங்கியபடி மலையாளத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவளும் அவருக்குக் கை காட்டி ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் கையில் எந்த இரண்டு விரல்கள் சேர்ந்திருந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் மண்வெட்டியைத் தாழ்த்திவிட்டு, வாய்க்கால் கரை பக்கம் வழி காட்டினார். அவள் வரப்பை விட்டுக் கரைக்குப் பாய்ந்தாள்.

அதற்குள் பஸ்ஸில் முணுமுணுப்பு எழுந்தது. பொள்ளாச்சி போக வேண்டிய ஒரு வியாபாரி, "ஏனுங்க, பஸ்ஸு இன்னைக்கே போகுமுங்களா?" என்று கேட்டார்.

"போகாம? ரேடியேட்டரு சுடுதுங்க. தண்ணி ஊத்தோணும்" என்று ஹக்கீம் இறங்கினார். டீக்கடையிலிருந்து ஒரு தகரம் தண்ணீர் வாங்கி வந்து, மூடியைத் திறந்து ஊற்றினார். ரயில் நிலையத்திலேயே ஒருமுறை ஊற்றியிருந்தார், நான் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்து ரோட்டில் ஓடியது. அவர் வயலைப் பார்த்தபடி ஊற்றிக்கொண்டே இருந்தார். தகரம் காலியானதும் இன்னொன்று கேட்டார். டீக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தார். பொள்ளாச்சி வியாபாரி எட்டிப் பார்த்தார். ரோட்டில் ஓடும் தண்ணீரையும் கரைமேல் ஓடும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்.

மருதாத்தாள் வந்து சேர்ந்தாள். முழங்கால்வரை சேறு, இரண்டு சடையும் அவிழ்ந்திருந்தன, மார்போடு அணைத்த பெட்டியில் காம்பஸ் கலகலவென்று ஆடியது. மூச்சு வாங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிரூபிச்சுட்டனுங்க!" என்றாள் பொதுவாக எல்லோரையும் பார்த்து.

"பஸ்ஸயா?" என்றார் ஹக்கீம்.

"பாதியில உட்டுட்டு வந்தனே, அதையுங்க! சார் 'பேஷ்'னுட்டாரு!"

பஸ் புறப்பட்டது. அவள் என் முன்னால் உட்கார்ந்தாள். காலிலிருந்து கொஞ்சம் சேற்றை வழித்து, ஜன்னல் பலகையில் ஒரு முக்கோணம் போட்டாள். சற்று நேரம் அதையே பார்த்தாள். மூன்றாவது பக்கத்தைப் புறங்கையால் அழித்தாள். அந்த இடத்தில் வாய்க்கால் கரை போகிற மாதிரி சற்று வளைத்து ஒரு கோடு இழுத்தாள். அதை விரல்கடையால் அளந்தாள். பிறகு மற்ற இரண்டு பக்கங்களையும் அளந்தாள். இன்னும் குறைவுதான். ஆனால் நேர்க்கோடு அளவுக்குக் குறைவல்ல; நடக்க இன்னும் சற்று நேரம் ஆகும்.

தலையைத் தூக்கினாள். டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஹக்கீமின் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மருதாத்தாள் சேறு படிந்த கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்ல உயர்த்தி, இடையே கடுகளவு வெளிச்சம் தெரியும்படி பிடித்துக் காட்டினாள்.