பத்து மந்திர நேரம்

என் அப்பா சகாயநாதன் பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ரேடியோவைவிட அவர் அதிகம் பிரித்தது, யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட ராடார் பெட்டிகளை. பழைய இரும்பு வியாபாரி ஜமால் அவற்றை ஏலத்தில் எடுத்து வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். முன்பக்கம் வட்டக் கண்ணாடித் திரை. உள்ளே வால்வு, டிரான்ஸ்பார்மர், கன்டென்சர். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் அலறிய ஒலிபெருக்கிகளில் பாதி அப்பா பிடுங்கிய வால்வுகளால் ஓடின.

துருப்பிடித்த திருகாணியை உளி வைத்து வெட்டுவார். வராத தகட்டைச் சம்மட்டியால் பிளப்பார். முதலில் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார். திரை ஒளிராவிட்டால் அந்தத் திரையின் கண்ணாடிக் குழலை ஈரச் சாக்கில் சுற்றி ஒரே அடி. காற்றில்லாத குழல் குண்டு போல வெடிக்கும். முன்கை முழுக்கத் தழும்பு.

ஸ்விட்சை அணைத்தபின் மட்டும் அவசரமில்லை. மாதாவுக்கான பிரியதத்த மந்திரத்தைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவார்.

"என்ன மேஸ்திரி, வேலை பாக்குறீங்களா, பூசை பாக்குறீங்களா?" என்பார் ஜமால்.

"உள்ள ரெண்டாயிரம் வோல்ட் நிக்குது பாய். நீங்க வேணா கைய விடுங்க. உங்க கடைய நான் பாத்துக்குறேன்."

ஏழாவது மந்திரத்திலேயே கை நீட்டிய என்னை ஒருமுறை அறைந்தார். இரண்டு நாள் காது இரைந்தது.

அந்த நேரத்துக்குள் கன்டென்சரில் நின்ற மின்சாரத்தை வடித்தது, அதன் குறுக்கே இருந்த ஒரு ரெசிஸ்டர். பாலிடெக்னிக்கில் படித்தபோது கணக்குப் போட்டுக் காட்டினேன். எர்த் கம்பியால் தொட்டு இறக்கிவிடச் சொன்னேன்.

"பொறி பறந்தா கன்டென்சர் செத்துரும்டா. அப்புறம் உங்க வாத்தியாரா வந்து வாங்குவாரு?"

1961 மார்கழி. அந்த வோல்ட்டேஜை அளக்க அவருக்கென்று ஒரு மீட்டர் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பெரிய ரெசிஸ்டர் வேண்டியிருந்தது. உடைக்கப்போகும் பெட்டிதானே என்று ஒன்றில் கன்டென்சரின் குறுக்கே இருந்ததைக் கழற்றிக்கொண்டேன். உடைக்கும் முன் அவர் அதற்குக் கரண்ட் கொடுப்பார் என்பதை நினைக்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெட்டியின் திரையில் பச்சைக் கோடு ஓடியது.

"உசுரோட இருக்குடா!" என்று சிரித்தார். அணைத்தார். மந்திரம் சொன்னார். குழலை இடக்கையில் தாங்கிக்கொண்டு வலக்கையை உள்ளே விட்டார்.

உடம்பே உதறியது. குழல் பெயர்ந்து சட்டத்தில் மோதி அவர் முகத்துக்கு நேரே வெடித்தது. கழுத்தில் கண்ணாடி. அழுத்த அழுத்த என் விரல்களுக்கு நடுவே ரத்தம் பீறிட்டது. ஜமாலின் வண்டியில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரத்தமும் மூச்சும் நின்றன.

"ஏகாதசி அவசரம். எட்டு ஒம்பதோட நிறுத்திட்டாரு," என்று அழுதாள் அம்மா அக்னஸ். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். அவர் குறைத்த மந்திரங்களுக்காக ஏழு வருடம் பூசை வைத்தாள். போன மாதம் அவளும் போய்விட்டாள்.

அன்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். ரெசிஸ்டர் என் சட்டைப் பையில் இருந்தது. அப்பா பத்தும் சொன்னார்.