கூடத்தில் ஓடிய ஸ்டீம் இஞ்சின்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் சரோஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதே ஞாயிற்றுக்கிழமைதான் என் ஸ்டீம் இஞ்சினையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த மனிதனின் புத்தியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, அதையேதான் என் மனைவியும் நினைக்கிறாள். என்ன... அவள் கொஞ்சம் சத்தமாக நினைக்கிறாள்.

அந்த இஞ்சின் என்னிடம் வந்த கதையை, இந்த வாராந்திரப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று தெரிந்ததும், கடற்கரைப் பக்கம் பெரிய பங்களாவில் இருந்த துரை ஒருவர் மூட்டை கட்டினார். வீட்டுச் சாமான்களை லேலாங் விட்டார்கள், அதாவது ஏலம். மலாக்காவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். "ஒரு மேசை விசிறி மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க, வேற எதையும் பாக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள் மனைவி.

நான் வேறு எதையும் பார்க்கவில்லை. இஞ்சினை மட்டும்தான் பார்த்தேன்.

பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். ஒரு பலகை மேல் பித்தளைப் பாய்லர். அதற்கு அடியில் ஸ்பிரிட் விளக்கு வைக்க இடம். பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சிலிண்டர். சிவப்புப் பெயின்ட் உரிந்த ஒரு சக்கரம். துரை மகனின் விளையாட்டுச் சாமானாக இருந்திருக்க வேண்டும். பையன் வளர்ந்து சீமைக்குப் போய்விட்டான், இஞ்சின் துருப்பிடித்து இங்கேயே கிடந்துவிட்டது.

"காத்து வர்ற சாமான் வாங்கிட்டு வாங்கன்னா, ஆவி வர்ற சாமான் வாங்கிட்டு வந்திருக்கீங்களே!" என்றாள் மனைவி.

ஆவியாவது வந்ததா? அதுவும் இல்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். தட்டினேன். கெஞ்சினேன். ஒரு நாள் அசைந்து கொடுத்தது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன் — அந்த வாரம் எங்கள் வீட்டு ரசத்தில் புளி இல்லை. பாய்லரில் விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். குழாய் சேரும் இடத்துக்குப் பழுப்புக் காகிதத்தை எண்ணெயில் தோய்த்து வளையமாக வெட்டி வைத்தேன். சேஃப்டி வால்வின் ஸ்பிரிங் துருவாக உதிர்ந்துவிட்டது. ஒரு பழைய சிகரெட் லைட்டரை உடைத்து, அதன் ஸ்பிரிங்கில் ஒரு துண்டை அங்கே பொருத்தினேன்.

ஒவ்வொரு முறை விளக்கைப் பற்றவைத்தபோதும், ஆவி வர வேண்டிய ஒரு இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வந்தது. கடைசியில் போன சனிக்கிழமை எல்லா ஒழுகலும் நின்றது. ஆனால் வேலை முடிவதற்குள் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது.

மறுநாள்தான் பெண் பார்க்கும் நாள்.

"அந்தக் கண்றாவி கூடத்துல இருக்கக் கூடாது" என்றாள் மனைவி. இருக்காது என்றேன். பிறகு அதை மூலை மேசையில் வைத்து ஒரு துணியைப் போட்டு மூடினேன். துணி போட்டு மூடினால் கூடத்தில் இல்லை என்றுதானே அர்த்தம்?

மாப்பிள்ளைப் பையன் செங் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர், மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற வேலை. தகப்பனார் இல்லை. அம்மாவும் அவனும் மட்டும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. நீண்ட குடையை ஊன்றிக்கொண்டு வந்து, மூலை மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பையன் 'வணக்கம் சார்', 'ஆமாம் சார்' என்பதோடு நிறுத்திக்கொண்டான். சரோஜா பலகாரத் தட்டை வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். மழையைப் பற்றிப் பேசினோம். குருபோங்கில் மழையாம், செங்கில் மழையில்லையாம். அதோடு மழையும் தீர்ந்துவிட்டது.

அப்போது அந்த அம்மாதான் கேட்டார். "அது என்னங்கண்ணே, துணி போட்டு மூடி வச்சிருக்கீங்க? சாமி படமா?"

நான் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் பத்திக்கே வேலை இருந்திருக்காது.

துணியை எடுத்தேன். தண்ணீர் ஊற்றினேன். காலையிலேயே வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட்டை விட்டு விளக்கைப் பற்றவைத்தேன். தண்ணீர் சூடாகும் வரை ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். பாய்லர் என்றால் என்ன, பிஸ்டன் என்றால் என்ன... முக்கியமாக, சேஃப்டி வால்வு என்றால் என்ன.

"ஆவி அதிகமானா இது தானாத் தெறந்துக்கும். 'உஸ்'ஸுன்னு சத்தம் வரும். யாரும் பயப்படக் கூடாது. சத்தம் வந்தா நல்லதுன்னு அர்த்தம்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

சக்கரம் சுற்றவில்லை. காத்திருந்தோம். அப்போதும் சுற்றவில்லை. முதலில் அதை விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போது குனிந்து பாய்லரின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் வந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது கிணற்றடி.

சமையலறை வழியாக வந்திருக்க வேண்டும். ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தேவராஜா எட்டிப் பார்த்தார். எங்கள் காஜா பெராங் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பம் அவருடையது. சாமி காரியங்களில் எங்களை விடச் சுத்தம். பேச்சு மட்டும் மலாய்.

"ஆப்பா ஹால், பாங்?" என்றார். என்ன விஷயம் அண்ணே என்று கேட்கிறார்.

அவர் வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் கூடம் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். போனார். பார்த்தார். திரும்பி வந்து சிரித்தார்.

"சுடா ஜாலான், பாங்! சுடா ஜாலான்!"

மலாயில் 'சுடா' என்றால் ஆயிற்று என்று அர்த்தம்; 'ஜாலான்' என்றால் ஓடுவதும்தான், கிளம்பிப் போவதும்தான். எனக்கு எந்த அர்த்தம் தோன்றியிருக்கும்? போய்விட்டார்கள்! தேவராஜாவின் சிரிப்பு ஆறுதல் சொல்லும் சிரிப்பாகப் பட்டது.

துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு இஞ்சின் நினைவில் இல்லை. சரோஜாதான் இருந்தாள். அன்று காலை புதுச்சேலையை உடுத்திக்கொண்டு வந்து, "அப்பா, நல்லா இருக்கா?" என்று கேட்டாள். நான் இஞ்சின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிராமலே "ம்" என்றேன். ஒரு பொம்மைக்காகப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே... அவளிடம் எந்த முகத்தைக் காட்டுவது?

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. மனைவி பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இங்க என்ன பண்றீங்க? அங்க உங்களத் தேடறாங்க."

"அவங்கதான் போயிட்டாங்களே..."

"யாரு போனா? நீங்கதான் போனீங்க!"

உள்ளே போனேன். அம்மாவும் பையனும் இருந்தார்கள். பலகாரம் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. "அண்ணே, என்ன அருமையா ஓடிச்சு தெரியுமா!" என்றார் அந்த அம்மா.

நடந்தது இதுதான். வால்வு சீறியதும் நான் ஓடினேன். பையன் பலகாரத் தட்டைக் கவிழ்த்து எடுத்து, தன் அம்மாவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான். சரோஜாவையும் அதற்குப் பின்னால் வரச் சொன்னான். முழங்கால் வலியில் எழுந்திருக்க முடியாத அந்த அம்மா, அந்தச் சாமானைத் தூரத் தள்ளிவிடலாம் என்று குடையை நீட்டினார். குடை நுனி சக்கரத்தில் பட்டது. அவ்வளவுதான். கடகடவென்று சுற்ற ஆரம்பித்துவிட்டதாம்! தட்டுக்குப் பின்னாலிருந்து மூன்று தலைகள் மெல்ல எட்டிப் பார்த்தனவாம். என் மனைவி கைதட்டினாளாம் — இதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

ஓடுகிற அழகைப் பார்த்து நின்றவர்களில் ஒருவருக்கும் விளக்கை அணைக்கத் தோன்றவில்லை. தண்ணீர் வற்றி, பாய்லர் காய்ந்து, நான் வைத்த ஈயமெல்லாம் உருகிச் சொட்டிவிட்டது.

"ஈயம் விட்டுப்போச்சு மாமா" என்றான் பையன்.

வந்ததிலிருந்து என்னை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். அவன் அம்மா திரும்பி அவனைப் பார்த்தார். சரோஜா தரையைப் பார்த்தாள். நான் உருகிய ஈயத்தைப் பார்த்தேன். அதைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு சரோஜாவிடம் கேட்டேன். "என்னம்மா சொல்ற?"

"சரிதாம்பா."

"டிரெஸர் வேலைன்னா தோட்டத்துலதான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்" என்றாள். "சத்தம் வந்தப்ப அவங்க ஓடலையேப்பா."

வேறு யார் ஓடினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நல்ல பெண்.

புதுச்சேலை அவளுக்கு நன்றாகவே இருந்தது. தாமதமாகத்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

ஒரு காரியத்தில் மாதக்கணக்காக மூழ்கிக் கிடக்கிறவன், அது நடக்கிற நேரத்தில் எங்கே இருப்பான் என்று சொல்லவே முடியாது. துரைமார்கள் இத்தனை வருஷம் ஊரை ஆண்டுவிட்டு, மெர்டேக்கா கொடி ஏறுகிற நேரத்தில் கப்பலில் இருந்தார்கள். நான் கிணற்றடியில் இருந்தேன்.

"உங்கள் இஞ்சின் ஓடியதா, எப்படி ஓடியது?" என்று கேட்டு வாரா வாரம் எழுதுகிற வாசகர்களே... தயவுசெய்து என் மனைவியைக் கேளுங்கள். நான் எப்படி ஓடினேன் என்பதையும் சேர்த்தே சொல்வாள்.