கட்டிவிட்டு வந்த நாய்

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். சர்க்கரை அளவு பார்த்தேன், 128. காபி குடித்தேன். 5.35க்கு கோவில்பதாகை வீட்டைப் பூட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். என் டைரியில் அன்றைய பக்கத்தின் முதல் நான்கு வரிகள் இவை. நான்கும் உண்மை. அதற்குக் கீழே எழுதியதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

பேய், ஆவி, காற்று, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறேன். பொருள் சொன்ன அளவில் இருந்தால் ஏற்றுக்கொள்வேன், இல்லையென்றால் தள்ளிவிடுவேன், நடுவில் ஒன்றும் கிடையாது. என் மனைவி குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் வேப்பிலை அடிக்க அழைத்துப் போவாள், நான் வாசலில் நின்று சிரிப்பேன். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் சந்தேகப்படலாம், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் என்னைப் பற்றி நான் சொல்கிற பகுதியை மட்டும் சந்தேகப்படாதீர்கள். தன்னைப் பற்றி அப்படி யாரும் கதை கட்ட மாட்டார்கள்.

எங்கள் பகுதி முடிகிற இடத்தில் ஜாபர் பாய் குதிரை லாயம் வைத்திருக்கிறார். பூந்தமல்லிக்காரர். அவருடைய அப்பா ஜட்கா வண்டி ஓட்டியவர், இவர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறார். மீதி நாட்களில் என்னைப் போன்ற ஓரிருவருக்குச் சவாரி சொல்லிக் கொடுக்கிறார். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர், நடப்பது சலிப்பாக இருந்ததால் நான் குதிரைக்கு வந்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் செவலை என்கிற பெண் குதிரையில் ஏரிக்கரையைத் தாண்டி, தைல மரமும் சூரை முள்ளும் மண்டிய காட்டுப் பாதையில் ஒரு சுற்று போய் வருவேன். பாய் இன்னொரு குதிரையில் வருவார். எங்களுக்கு முன்னால் அவருடைய இரண்டு நாய்கள் ஓடும். வெள்ளை நாய் பட்டாணி, கறுப்பு நாய் டீசல். புதரில் பன்றி இருந்தாலும் பாம்பு இருந்தாலும் அவை முதலில் சொல்லிவிடும்.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும்போது எத்தனை நாயோ அத்தனை பிஸ்கட்டை எண்ணி ஒரு காகிதத்தில் மடித்துச் சேணப் பையில் போடுவார். திரும்பி வருகையில் காடு முடிகிற இடத்தில் ஒரு எல்லைக்கல் இருக்கிறது. அங்கே இறங்கி ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பிஸ்கட்டைக் கையால் கொடுத்த பிறகுதான் நாங்கள் தண்ணீர் குடிக்க வேண்டும். லாயத்துக்கு வந்ததும் அவர் பையில் கைவிட்டுக் காகிதத்தை எடுத்துப் பார்ப்பார். காலியாக இருந்தால் எல்லா நாயும் காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

"நீங்க நோட்டுல எழுதுறீங்க, நான் பொட்டலத்துல எழுதுறேன், அவ்ளோதான் சார்," என்பார். என் டைரி அவருக்கு ஒரு வேடிக்கை. "குதிர சாணி போட்டா அதுக்கும் டைம் போடுவாரு எங்க சாரு," என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

அந்த ஞாயிறு அவர் இல்லை. குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மற்ற குதிரைகளுடன் முதல் நாளே போய்விட்டார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். "செவலைய கூட்டிகினு போங்க சார். நாய் ரெண்டும் கூட வரும். பொட்டலம் பையிலயே கீது." முதல் முறையாகத் தனியாக விடுகிறார் என்று எனக்குப் பெருமை.

6.05க்கு லாயத்தைவிட்டுக் கிளம்பினோம். 6.40க்கு ஏரிக்கரை. அங்கிருந்து பாதை ஒரு வேலமரத்தைத் தாண்டி வலப்பக்கம் வளையும். அந்த வளைவுக்கு அப்பால் இன்னொரு குதிரை வரும் சத்தம் கேட்டது. நிதானமான நடை. நான் செவலையை நிறுத்தினேன்.

டீசலிடம் ஒரு கெட்ட குணம் உண்டு, தெரியாத குதிரையைப் பார்த்தால் பின்னங்காலைக் கடிக்கப் பாயும். அதனால் எதிரே குதிரை வந்தால் டீசலைக் கட்டிவிட வேண்டும், இது பாய் முதல் நாளே எனக்குச் சொன்ன விதி. நான் இறங்கி, அதன் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டி, மறுமுனையை வேலமரத்தின் அடியில் கட்டினேன். போன வாரம்தான் கரையான்சாவடியில் வாங்கிய நைலான் கயிறு. பழைய கயிறுகளை எல்லாம் டீசல் கடித்துப் போட்டதால் கடிக்க முடியாததாகப் பார்த்து நானே வாங்கியது.

கட்டிவிட்டு நிமிர்ந்தேன். சத்தம் வளைவைத் தாண்டி வந்துவிட்டது. பாதையில் குதிரை இல்லை.

நன்றாக விடிந்திருந்தது. மூடுபனி எதுவும் கிடையாது. பாதையின் மணலை முழுவதும் என்னால் பார்க்க முடிந்தது. குளம்புச் சத்தம் மட்டும் அந்த மணலின் மேல் என்னை நோக்கி வந்தது, இருபது அடி, பதினைந்து அடி, பத்து அடி. பட்டாணி வயிறு தரையில் படும்படி படுத்துக்கொண்டது. செவலை மிரளவில்லை. நம்பினால் நம்புங்கள், அது மூன்று எட்டு வைத்து இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. தன்னைவிடப் பெரிய குதிரை வந்தால் அது அப்படித்தான் வழிவிடும். சத்தம் எனக்கு நேராக வந்து நின்றது. ஒரு குதிரை மூக்கால் காற்றை விடும் சத்தம் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. நனைந்த குதிரையின் வாடை அடித்தது. மூன்று நாளாக மழையே இல்லை. கீழே பார்த்தேன். செவலையின் குளம்புகள் மணலில் அச்சு வைத்தாற்போல் பதிந்திருந்தன. அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

அதன் பிறகு நான் செய்ததில் அமானுஷ்யம் ஒன்றும் இல்லை. செவலை மேல் ஏறினேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது. திருப்பி ஓட்டினேன். டீசல் குரைத்தது. அந்தச் சத்தம் நின்ற பக்கம் பார்த்துக் குரைக்கவில்லை, என்னைப் பார்த்துக் குரைத்தது. எனக்கு அது கேட்டது. கட்டிப் போட்டிருக்கிறேன் என்பதும் ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் குரைப்பு நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லைக்கல்லில் இறங்கினேன். பட்டாணி மட்டும் மூச்சிரைக்க வந்து நின்றது. காகிதத்தைப் பிரித்தேன், இரண்டு பிஸ்கட். ஒன்றைப் பட்டாணிக்குக் கொடுத்தேன். மற்றது கையில் இருந்தது. அதைக் காகிதத்திலேயே வைத்திருந்தால் பாய் பார்த்த உடனே எங்கே விட்டீர்கள் என்று கேட்டிருப்பார். கேட்டால் திரும்பப் போக வேண்டும், பயந்து ஓடி வந்தேன் என்று சொல்லவும் வேண்டும். அந்தப் பிஸ்கட்டையும் பட்டாணிக்கே கொடுத்தேன். காகிதத்தை முன்பு இருந்தது போலவே மடித்துப் பையில் வைத்தேன். பிறகு தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து டைரியில் ஐந்தாவது வரியை எழுதினேன். "7.05, எல்லைக்கல். பிஸ்கட் 2, கொடுத்தாயிற்று." இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைத்தான் என்னால் இன்றும் சகிக்க முடியவில்லை.

பகல் முழுவதும் நேரம் இருந்தது. ஒன்பது மணிக்குப் போயிருக்கலாம், பதினொன்றுக்குப் போயிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்திருக்கலாம். ஒரு மணிக்கு மனைவி பரிமாறினாள்.

"இன்னாங்க, சோத்த அளந்துகினு கீறீங்களா? மூணு தடவ பிசைஞ்சாச்சு."

"தல வலிக்குது."

"குதிரைல போறவங்களுக்கு எல்லாம் தல வலிக்குமா? அப்போ குதிரைக்கு இன்னா வலிக்கும்?"

அவள் சிரித்தாள். நான் எழுந்து கை கழுவினேன். டீசல் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் கயிறு என்பதும் எனக்குத் தெரியும்.

மாலை ஆறு மணிக்கு மழை பிடித்தது. காற்றுடன் கொட்டியது. ஏழு மணிக்குப் பாய் போன் செய்தார்.

"சார், வந்துட்டேன். பட்டாணி கீது, டீசல காணோம். காலைல கூட வந்துச்சா?"

"வந்துச்சே பாய்."

"பொட்டலமும் காலியாத்தான் கீது. அப்போ காட்டவுட்டு வந்துட்டுதான் எங்கியோ போயிருக்கு. ரோட்டுப் பக்கம் பாக்குறேன். நீங்க நனையாதீங்க சார், ஊட்லயே இருங்க."

போனை வைத்தபோது மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அந்த மழை விடியற்காலை மூன்று மணி வரை விடாமல் பெய்தது. எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான் தூங்கவே இல்லை.

அக்டோபர் 13, திங்கட்கிழமை. காலையில் முதலில் செய்தது, லாயத்துக்குப் போனது. மணி 4.55. பாய் தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கையில் டார்ச். முழங்கால் வரை சேறு.

"பாய், டீசல் எல்லைக்கல்லுக்கு வரல. ஏரிக்கரைல நான்தான் கட்டினேன். அவுக்காம வந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "பொட்டலம் காலியா இருந்துச்சே."

"ரெண்டையும் பட்டாணிக்குக் குடுத்தேன்."

குளம்புச் சத்தத்தைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அது ஒரு சாக்குப் போல என் காதுக்கே கேட்டது. பாய் டார்ச்சை அணைத்து மடியில் வைத்தார்.

"ராத்திரி பூரா ஆவடி ரோட்ல நிக்கிற ஒவ்வொரு லாரி அடியிலயும் குனிஞ்சு பாத்துகினு வந்தேன் சார்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அலுப்பாகச் சொன்னார். ஒரு கேனில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். "வண்டிய எடுங்க."

சேற்றில் வண்டியைத் தள்ளித் தள்ளி வேலமரத்தை அடைந்தபோது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. பாதை முழுவதும் சேறு, காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போனது. மரத்தடியில் டீசல் படுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி வாலை ஆட்டியது. பாய் ஓடிப்போய் அதைத் தடவினார். தடவிய கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"சார், இது நனையல."

அப்போதுதான் நானும் பார்த்தேன். டீசல் படுத்திருந்த இடத்தில் மட்டும் மண் வெளுப்பாக, காய்ந்து, புழுதியாக இருந்தது. நீளம் ஐந்து அடி இருக்கும், அகலம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. அதன் ஓரம் கோடு கிழித்தது போல முடிந்து சேறு ஆரம்பித்தது. மேலே மரத்தைப் பார்த்தேன். வேலமரத்து இலை பத்து நிமிட மழையைக்கூடத் தாங்காது.

காய்ந்த இடத்தின் நான்கு மூலையிலும் நான்கு குளம்புத் தடம் இருந்தது. பாய் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். மூன்று தடம் முழுதாக ஆழமாகப் பதிந்திருந்தது. பின்பக்கத்தில் ஒன்று மட்டும் நுனி பட்டதோடு சரி.

"நிம்மதியா நின்னுகினு தூங்குற குதிர பின்னங்கால் ஒண்ண இப்படித்தான் மடக்கி வெக்கும்," என்றார் மெதுவாக. பிறகு, "லாடம் இல்ல. இந்தப் பக்கம் லாடம் இல்லாத குதிர யாருகிட்டயும் கெடையாது சார்."

நான் சுற்றிலும் தேடினேன். தேடுவதுதான் என் வேலை. ஏரிப் பக்கத்திலிருந்து பன்றிகளின் தடம் கூட்டமாக வந்து, மரத்துக்குப் பன்னிரண்டு அடி முன்னால் நின்று, அப்படியே திரும்பிப் போயிருந்தது. அந்த நான்கு குளம்புக்கு வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

பாய் எழுந்து தள்ளி நின்றார். டீசலின் கயிற்றை அவர் தொடவில்லை.

"கட்டினது நீங்கதானே சார். நீங்களே அவுருங்க."

முடிச்சு மரத்தின் அடியில் இருந்தது. நான் அந்தக் காய்ந்த மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். நைலான் இறுகிப் போயிருந்தது, விரல் வழுக்கியது, வெகு நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் டீசல் என் மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருந்தது. அதன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே மண் சூடாக இருந்தது, சற்று முன்புதான் யாரோ எழுந்து போன இடம் போல.