ஹெலன் அம்மாவின் ஸ்டேஷன்

டிபன்ஸ் காலனியில் இருந்த ஆஸ்திரேலியாக்காரி ஹெலன் அம்மாவுக்கு ஜோதிலிங்கம்தான் சமையல். குடியிருப்பு, பிழைக்க வந்த தமிழர்கள் குடிசை போட்ட மதராசி கேம்பில். தொண்ணூற்றெட்டில் அந்தம்மாவின் அப்பா செத்துப்போக, சொத்தைப் பார்க்க ஊருக்கே திரும்பணும் என்றது. முராங்கா என்று ஒரு பட்டிக்காடு. பெண்டாட்டியோடு கூட வந்துவிடு என்று கூப்பிட்டது. போகாவிட்டால் வேறு வீடு தேடி அலையணும்.

"சொந்தமாவே ஸ்டேஷன் இருக்காம்டி," என்றான் பவுனுவிடம்.

"அப்ப முருங்கைக்கா ஊர்ல உனக்கு டிக்கெட்டே வேணாம்யா."

ஸ்டேஷன் என்றதும்தான் அவனுக்கு மனசு சாய்ந்தது. கேம்பை ஒட்டித் தண்டவாளம். சாயங்காலம் மெட்ராஸ் வண்டி போகும். பங்காளிச் சண்டையில் ஊர்ப்பக்கம் போயே வெகுகாலம். ஆனாலும் கோபம் வந்தால், நாளைக்கே ஏறிப் போயிடறேன் பார் என்பான். பையை எடுத்து வைக்கவா என்பாள் பவுனு. ஒரு நாளும் ஏறியதில்லை.

சம்மதம் சொல்லப் போன அன்று அந்தம்மா படங்களைப் பரப்பி ஊர்க்கதை சொன்னது. தங்கம் கிடைக்கிறதென்று ஜனம் வந்து கூடாரம் அடித்த ஊராம். நம்ம கேம்ப் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டான். தங்கம் தீர்ந்ததும் பாதிப் பேர் ஓட, மிச்சப் பேர் ஆடு வளர்த்தார்களாம். பேங்கை மூடியாச்சு. சினிமாக் கொட்டகையில் கம்பளி மூட்டை. நடுத்தெருக் கல்தூணில் யுத்தத்தில் செத்தவர்கள் பேர். இப்போது குடியிருப்பவர்களைவிட அது அதிகம். ஆனால் எவன் வீடு தீப்பற்றினாலும், பேச்சுவார்த்தை இல்லாதவனும் தண்ணீரோடு வந்து நிற்பானாம்.

ஸ்டேஷன் எங்கே என்று கேட்டான். அந்தம்மா காட்டிய படத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் ஆடு. அங்கே ஆட்டுப் பண்ணைக்குத்தான் ஸ்டேஷன் என்று பேராம். ரயில் நின்று, தண்டவாளத்தையும் பிடுங்கியாச்சாம்.

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் அரைகுறை இந்தியில் சொன்னான்: "நான் ஏறப்போறதில்லைம்மா. ஆனா வண்டி போய்க்கிட்டே இருக்கணும்."

அந்தம்மா சிரிக்கவில்லை. கடைசி ரயில் போன அன்று, அதில் ஒருதரம்கூட ஏறாத அந்தம்மாவின் அப்பா பிளாட்பாரத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதாராம். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் மெட்ராஸ் வண்டி கூவிக்கொண்டு போனது. பவுனு ஏறிட்டுப் பார்த்தாள்.

"பையை எடுத்து வைக்கவா?"

"சோத்தைப் போடு," என்றான்.