திறக்காத சம்படம்

சேக்காட்டில் வந்து சுரேகா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்டறை சம்பத்தின் பெண்சாதி என்றால் கை நீட்டிக் காட்டுவார்கள். கைப்பேசியில் தொடர்கதை படிக்கிற பெண் பிள்ளைகளிடம் 'தேவதாரு விடுதி எழுதுற அக்கா' என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். இப்படி ஒருத்தியே மூன்று பேராக உலவுவதில் அவளுக்கு ரொம்ப நாள் கமுக்கமாக ஒரு பெருமை இருந்தது. இப்போது அந்த மூன்று பேரில் ஒருத்தியையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

விடுதிக் கதையாக எழுதித் தள்ளியவள், விடுதியில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. பாரிவாக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் ஒரே அறை. பாயில் வரிசையாகப் படுத்தால் யாருடைய காலாவது யாருடைய வயிற்றின் மேலாவது கிடக்கும். பள்ளிக்கூடம் போகிற பஸ் பூந்தமல்லியில் ஒரு மகளிர் விடுதியைத் தாண்டிப் போகும். மாடி ஜன்னல் வழியாக உள்ளே இரும்புக் கட்டில்கள் தெரியும். கட்டிலுக்கு ஒரு தலையணை, தலையணைக்கு ஒரு உறை, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. 'எனக்கே எனக்குன்னு ஒரு கட்டில்' என்று அந்தச் சின்ன வயசில் விழுந்த ஆசை, கல்யாணமாகி, குழந்தை பெற்று, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் போகவில்லை. ஒரு மத்தியானம் கைப்பேசியை எடுத்து, மலையூர்ப் பள்ளி ஒன்றுக்குப் புதிதாக வந்து சேருகிற மேகலா என்ற பெண்ணை எழுதினாள். முதல் வரியிலேயே அவளுக்கு ஜன்னலோரக் கட்டில் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினம் ஓர் அத்தியாயம். குழம்பு கொதிக்கிற நேரத்தில் தோழிகளுக்குள் ஒரு சண்டை வரும், தாளித்துக் கொட்டுவதற்குள் சமாதானம் ஆகிவிடும். அவளுடைய விடுதியில் எப்போதும் பனி இருக்கும், எல்லாப் பெண்களும் பொங்கிப் பொங்கிப் பேசுவார்கள், வார்டன் கத்துவாள், ஆனால் விளக்கணைத்த பிறகு வந்து போர்வையை இழுத்துவிட்டுப் போவாள். கதைப் பெண்கள் 'என்னடி, ஏனடி' என்று சுத்தமாகப் பேசுவார்கள். எழுதுகிறவளோ அந்தப் பக்கம் திரும்பி, "இன்னாடி, பால் பொங்கிகினு கீது, பாத்துகினு நிக்கிற" என்று மகளை ஏசுவாள்.

அவ்வளவு வேகத்தில் எழுதினால் எழுதியதெல்லாம் மண்டையில் தங்குமா? வார்டனின் கணவரை அவள் இரண்டு தடவை சாகடித்திருக்கிறாள். 'அக்கா, அவர் போன வருஷமே போய்ட்டாரே' என்று வாசகப் பிள்ளைகள் கேலி செய்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். எழுதி ஏற்றியதைத் திரும்பிப் படிக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. அதற்கு நேரமும் இல்லை. நேற்றைய அத்தியாயம் நேற்றோடு போயிற்று என்பதுதான் அவள் தொழில் பண்ணிய விதம்.

எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் ஞாபகம் வைத்திருந்தவள் மகள் ரேஷ்மா. எழுத்துக்கூட்டப் படித்ததே அந்தக் கதையில்தான். பத்தாவது முடித்ததும் வந்து நின்றாள்.

"ம்மா, நானும் ஹாஸ்டலுக்குப் போறேன்."

சம்பத்துக்கு வாயெல்லாம் பல். பூந்தமல்லிப் பட்டறையில் லேத்து ஓட்டுகிற மனிதனுக்கு, மகள் டாக்டராகிவிட வேண்டும் என்று ஒரே வெறி. மேற்கே, பஸ்ஸில் பாதி நாள் தூரத்தில், டாக்டருக்கென்றே பிள்ளைகளைத் தயார் செய்கிற தங்கல் பள்ளி ஒன்றை யாரோ சொல்லியிருந்தார்கள். தெருமுனை டீக்கடை முழுக்க, "என் பொண்ணு ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கப் போவுது மாமே" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தான்.

அங்கே பனி இல்லை, தேவதாருவும் இல்லை. நாலு ஆள் உயரச் சுவர், விடியுமுன்னே ஒரு மணி, தூங்கப் போகுமுன் ஒரு மணி, நடுவில் பரீட்சை. சுரேகாவுக்கு அது தெரியாமலா இருந்தது? தெரிந்தது. ஆனாலும் அந்த அறையில் வரிசையாக இரும்புக் கட்டில்கள் இருந்தன, அதில் ஒன்று ஜன்னலோரம் இருந்தது. மகளை அதில் உட்காரவைத்துப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. தானே எழுதித் தானே ஏமாந்தாள் என்று வேறு யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். நடந்தது என்னவோ அதுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றவர்கள் போய்ப் பார்க்கலாம். தகரக் கொட்டகையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்து, கொண்டுபோன பிரியாணியைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, தின்பண்டச் சம்படத்தைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்த மாதம் புதுச் சம்படத்தைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாத் தாய்மார்களும் வாங்கின கையோடு மூடியைத் திறந்து பார்ப்பார்கள். காலியாக இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி.

ஜூலையில் சுரேகா முறுக்கு கொண்டுபோனாள். எறும்பு ஏறாமலிருக்க மூடியைச் சுற்றிப் பழைய புடவைக் கிழிசலால் ஒரு கட்டு. ஆகஸ்டில் ரேஷ்மா அந்தச் சம்படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கட்டு அப்படியே இருந்தது. அவள் போட்ட அதே முடிச்சு.

"இன்னாடி, தொறக்கவே இல்ல?"

ரேஷ்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சம்பத், மகளுடைய மதிப்பெண் அட்டையைக் கொட்டகையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

முறுக்கு கடுக்கென்று போய்விட்டது போலிருக்கிறது என்று சுரேகா முடிவு கட்டினாள். அடுத்த முறை பாகு பதம் பார்த்து அதிரசம் சுட்டாள். அதுவும் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. "நாக்கு நீண்டு பூட்ச்சா மேடத்துக்கு?" என்று இடித்துக் காட்டிவிட்டு, மறு மாதம் கடையில் நெய் மைசூர்பாகு வாங்கிப் போனாள். அதுவும் திரும்பியது. முகத்தில் பரு வருகிறது, அதனால் சாப்பிடுவதில்லை என்று அவளே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சிலும் ரேஷ்மா, "நல்லா கீறேன்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. போன் இருந்தது வார்டனின் மேசையில்.

தீபாவளிக்கு இரண்டு நாள் வந்தாள். இரண்டு நாளும் தூங்கினாள். சாப்பிட்ட தட்டை விருந்தாளி மாதிரி அவளே கழுவி வைத்தாள். பொறுப்பு வந்துவிட்டது என்று சுரேகா பக்கத்து வீட்டு அன்னம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள்.

நவம்பரில் சம்படம் காலியாக வந்தது. கழுவித் துடைத்து, கட்டுத்துணியைக்கூட மடித்து உள்ளே வைத்திருந்தாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சுரேகா அதை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே வந்தாள். அன்றைய அத்தியாயத்தில் விடுதிப் பெண்கள் எல்லோருக்கும் விருந்து வைத்தாள்.

டிசம்பரில் மழை விட்ட ஒரு ஞாயிறு, பாரிவாக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசிப்பு விழா என்று அவளைக் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்த குடும்பங்கள். தான் பாயில் நெரிசலில் படுத்துக் கிடந்த ஊரில், தனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் தலை கனத்தது என்றால் தப்பில்லை. கூட்டம் முடிந்ததும் ரேணுகா என்ற பெண்மணி, தன் மகள் கனிமொழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கேன். போன வருஷம் இவளை ஹாஸ்டல்ல விட்டிருந்தோம். ஒரு தடவை நான் குடுத்த முறுக்கு டப்பாவைப் பிரிக்காமலே திருப்பிக் குடுத்தா. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. மறுநாளே லீவு போட்டுட்டு, கைய வீசிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்."

சுரேகாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "டப்பாவா? அதுக்கும் எனக்கும்..."

கனிமொழி சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்க எழுதினதுதானே! மேகலாவால வார்டன் பக்கத்துல போன்ல எதுவும் சொல்ல முடியாது. அதனால டப்பாவைத் திறக்காமத் திருப்பிக் குடுப்பா. அவ அம்மாவுக்குப் புரிஞ்சிடும். அடுத்த நாளே வெறுங்கையோட வந்து, 'வா, வீட்டுக்குப் போகலாம்'னு கூட்டிட்டுப் போவாங்க. நானும் அம்மாவும் சேர்ந்து படிச்சோம். அம்மா அழுதுட்டாங்க."

சுரேகா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவந்தார்கள், பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் பொன்னாடையோடு உட்கார்ந்து வந்தாள். மெட்ரோ வேலைக்காக மறித்த ரோட்டில் வண்டி ஊர்ந்தபோது, மூன்று சம்படங்களும் அந்த முடிச்சுகளும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகளின் கண்ணும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சம்பத்துக்குப் பிடிபடவில்லை.

"டப்பா தொறக்கலன்னா இன்னாம்மே இப்போ? கதைய கதையா பாரு. பொண்ணு நல்லாத்தான் கீது. மார்க்கு பாத்தல்ல?"

அவனிடம் விளக்க அவளுக்குத் தெம்பு இல்லை. விடிந்ததும் பூந்தமல்லியில் மேற்கே போகிற பஸ்ஸைப் பிடித்தாள். வெறுங்கையோடு போனாள். வேண்டுமென்றேதான்.

பார்க்கிற நாள் இல்லை என்று வாசலில் நிறுத்தினார்கள். குடும்பத்தில் ஒரு விஷயம் என்று கெஞ்சிக் கூத்தாடியபின் கொட்டகையில் உட்காரச் சொன்னார்கள். ரேஷ்மா எண்ணெய் வழியப் பின்னி மடித்துக் கட்டிய தலையோடு வந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது.

"யாருக்கானா ஒடம்பு சரியில்லியா?"

"இல்லடி."

அவள் பார்வை அம்மாவின் கைகளுக்குப் போயிற்று. "ஒண்ணும் எடுத்துக்கினு வர்லியா?"

"இல்ல. உன்ன இட்டுகினு போவத்தான் வந்தேன். வா, ஊட்டுக்குப் போலாம்."

ரேஷ்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலரும் என்றுதான் சுரேகா வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். மலரவில்லை.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"மறந்துட்டேன்டி. சத்தியமா மறந்துட்டேன். எதையெதையோ எழுதறேன், எது எங்க கீதுன்னே எனக்குத் தெரியல."

"மறந்துட்டியா?" ரேஷ்மா அதை நம்பமுடியாதவளாகத் திருப்பிச் சொன்னாள். "நான் அப்பிடி நெனைக்கவே இல்லம்மா. நீதான எழுதுன, உனுக்குத் தெரியாதா. தெரிஞ்சிதான் அதிரசம் சுட்டு எடுத்தாந்தன்னு நெனச்சேன். வரக் கூடாது, அங்கியே கெடன்னு சொல்றன்னு நெனச்சேன்."

சுரேகா அழுதாள். கொட்டகையில் வேறு யாரும் இல்லை, வாய்விட்டே அழுதாள். மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப வந்துட்டேன்ல? வா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வேணாம்மா. பழகிடுச்சி."

"போன மாசம் சாப்ட்டியே, டப்பா காலியாத்தான இர்ந்துச்சி? அப்போலருந்து புட்ச்சிப் போச்சா இங்க?" என்று, முழுகுகிறவள் எதையாவது பிடிக்கப் பார்க்கிற மாதிரி கேட்டாள்.

"நான் எங்க சாப்ட்டேன்? ரூம்ல எல்லார்க்கும் குட்த்துட்டுக் கழுவி வெச்சேன். காலியா பாத்தா நீ சந்தோஷப்படுவல்ல, அதான்."

மணி அடித்தது. ரேஷ்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். வரிசை நகர்ந்து கட்டடத்துக்குள் போயிற்று.

தேவதாரு விடுதியில் அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகப் பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுரேகா அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. எழுதவும் முடியாது என்று அவளுக்குத் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் தவறாமல் முறுக்கு சுட்டு, சம்படத்தில் அடுக்கி, கிழிசல் துணியால் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போகிறாள். பழைய சம்படத்தை மகள் இரண்டு கையாலும் நீட்டுகிறாள். மற்றத் தாய்மார்கள் எல்லோரும் காலியாக இருக்க வேண்டும் என்று மூடியைத் திறக்கிறார்கள். சுரேகா மட்டும், இந்த மாதமாவது தான் போட்ட முடிச்சு அப்படியே இருக்காதா என்று சாமியை வேண்டிக்கொண்டு கையை நீட்டுகிறாள். சம்படம் கனமே இல்லாமல் வருகிறது.